அக்கா மென்ற அரிசி

எங்கள் வீட்டு அரிசிப் பானை காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்த காலம் ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு. எனக்கு 14 வயது, அக்காவுக்கு 18. முதலில் எலி என்று நினைத்து அம்மா பொறி வைத்தார். எலி விழவில்லை, அக்காதான் அகப்பட்டாள். தாவணி முனையில் ஒரு பிடி பச்சரிசியை முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் மென்றுகொண்டிருந்தாள்.

"அரிசியைத் தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்டி" என்று ஆயா பயமுறுத்திப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. திட்டினால் அழுவாள், பிறகு மறுபடியும் மெல்லுவாள். அரிசி கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல். அதோடு இன்னொரு குற்றச்சாட்டும் அவள்மேல் இருந்தது. கிணற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் இழுத்தால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவாள். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் திரும்பி வர அரைமணி நேரம். "சோம்பேறி" என்பது வீட்டில் எல்லோரும் அவளுக்குக் கொடுத்த பட்டம்.

நான் வைத்த பெயர் வேறு. நாங்கள் பிரெஞ்சு மீடியம் அல்லவா, வகுப்பில் ஒரு கதை நடத்தும்போது எங்கள் ஆசிரியர் ஒரு பெண்ணைப் பற்றி, அவளுக்கு 'பால் கூலேர்' என்றார். பிரெஞ்சில் 'பால்' என்றால் வெளிறிய, 'கூலேர்' என்றால் நிறம். தமிழில் பால் என்றால் பால்தான். இரண்டு மொழியிலும் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று மாலையிலிருந்து அக்காவுக்குப் பெயர் 'பால் கூலேர்'. அக்கா முகம் உண்மையிலேயே பால் ஊற்றினது போலத்தான் இருக்கும். உறவுக்காரர்கள் அதைப் பார்த்து "பொண்ணு நல்ல நிறம்" என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்தச் சொல் ஒரு வியாதியின் பெயர் என்பது எனக்குத் தெரியாது. அலமாரியில் அகராதி இருந்தது. புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்தது 58 வருடம் கழித்து, எனக்கே அது வந்தபோது.

2022இல், எனக்கு 72 வயது. காலையில் காந்தி சிலையில் தொடங்கி டூப்ளே சிலை வரைக்கும் நடந்து திரும்புவது என் வழக்கம். அந்த வருடம் பாதியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. அதுவும் வயசு. வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது, மீன் குழம்பு பட்டால் நாக்கு எரிந்தது, நகம் சட்டையில் மாட்டிப் பிய்ந்தது, இரவில் கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வயசின் கணக்கிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு மருத்துவரிடம் போனேன். டானிக் எழுதிக் கொடுத்தார், நாலு பாட்டில் குடித்தேன்.

பிறகு என் மனைவி என்னை வேறொரு இளம் பெண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்ததாம். நகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு, "ஐயா, சாப்பாடு இல்லாத எதையாவது திங்கணும்னு தோணுதா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் மனைவி, "ஐஸ் கட்டிம்மா! ராத்திரியில எழுந்து பிரிட்ஜைத் திறந்து கடக் கடக்னு மெல்றார்" என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் தாவணி முனையில் முடிந்த அரிசி நினைவுக்கு வந்தது.

ஹீமோகுளோபின் 7.4. ஆணுக்கு 13க்குக் கீழே போனால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11. "ரத்தத்துல இரும்பு இல்லை. அதைக் குடுத்துடலாம். ஆனா எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் அந்த மருத்துவர். அன்று வீட்டுக்கு வந்து பழைய லரூஸ் அகராதியை எடுத்து 'பால் கூலேர்' என்ற சொல்லைத் தேடினேன். இளம் பெண்களுக்கு வரும் சோகை, இன்னொரு பெயர் குளோரோஸ் என்று போட்டிருந்தது. அங்கே பிடித்த நூல் என்னை நாலு நூற்றாண்டு பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

1554இல் ஜெர்மனியில் யோஹான் லாங்கே என்ற வைத்தியர் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நண்பரின் மகளுக்கு உடம்பு சரியில்லை. போன வருடம் ரோஜா போலிருந்த கன்னம் ரத்தம் வடிந்தாற்போல் வெளுத்துவிட்டது, படியேறினாலும் நடனமாடினாலும் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பொட்டு துடிக்கிறது, இறைச்சியைக் கண்டால் குமட்டுகிறது, இரவில் கணுக்கால் வீங்குகிறது. இன்றைக்கு ஒரு மருத்துவ மாணவர் எழுதினாலும் இதைவிடச் சரியாக எழுத முடியாது. கண்ணால் பார்த்ததை மனிதர் ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறார். ஆனால் மருந்து? கல்யாணம் செய்து வை என்றார். இதைக் 'கன்னியர் நோய்' என்றே அழைத்தார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் ஒரே யோசனை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோன்பெலியே நகரத்து மருத்துவப் பேராசிரியர் ழான் வராந்தால் இதற்குக் குளோரோஸ் என்று பெயரிட்டார். வெளிறிய பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர்கள் 'பச்சை நோய்' என்றார்கள். தோல் உண்மையிலேயே பச்சையாகத் தெரிந்ததா என்று பிற்கால மருத்துவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அது நமக்கு வேண்டாம். காரணம் என்று எதைச் சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை. காதல் என்றார்கள். டச்சு ஓவியர் யான் ஸ்டேன், வெளுத்துத் துவண்ட பெண்ணுக்கு வைத்தியர் நாடி பார்ப்பதைப் பல படங்களாக வரைந்திருக்கிறார். அவற்றில் எல்லாம் நோய் காதல்தான். 19ஆம் நூற்றாண்டில் இறுக்கக் கட்டிய இடுப்புக் கச்சை என்றார்கள், மலச்சிக்கல் என்றார்கள், சோம்பல் என்றார்கள். கரிச்சுண்டு, சுண்ணாம்பு எல்லாம் தின்கிறாளே என்றால், அதனால்தான் வெளுத்தாள் என்றார்கள். வெளுத்ததால்தான் தின்கிறாள் என்று திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அது எதற்கெடுத்தாலும் ரத்தம் எடுக்கிற காலமும்கூட. மோலியேர் 1673இல் 'ல மலாட் இமாஜினேர்' நாடகத்தில் வைத்தியர்களைக் கிழி கிழி என்று கிழித்தது சும்மா அல்ல. ரத்தம் இல்லாமல் வெளுத்த பெண்ணுக்கும் கையைக் கீறிக் கிண்ணத்தில் ரத்தம் பிடித்தார்கள். கஜானா காலி என்று வந்தவனிடம் வரி வசூலித்த மாதிரி.

இத்தனைக்கும் நடுவில் சரியான மருந்து யாரோ ஒருவர் கையில் இருந்துகொண்டேதான் இருந்தது. லண்டனில் சிடென்ஹாம் என்ற புகழ்பெற்ற வைத்தியர், லாங்கேக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, இரும்புத் தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். முகம் சிவந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. நம் சித்த வைத்தியர்கள் பாண்டு நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்து வந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லெமெரி ரத்தத்தை எரித்த சாம்பலில் இரும்பைக் கண்டார். 1746இல் இத்தாலியின் பொலோஞாவில் மெங்கினி என்பவர் ரத்தத்தைக் காயவைத்துப் பொடித்து, காந்தத்தைக் காட்டினார். தூள் எழுந்து ஒட்டியது! பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் விஞ்ஞானப் பிரிவே எடுத்திருப்பேன்.

பிறகு 1832. தெற்குப் பிரான்சில் ரோன் நதிக்கரையில் போகேர் என்று ஒரு சிறிய ஊர். அங்கே பியேர் புளோ என்ற மருத்துவர் இரும்பு சல்பேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் சேர்த்து மாத்திரை உருட்டினார். நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார். வருடக்கணக்கில் வெளுத்துக் கிடந்த பெண்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். இரும்பு சல்பேட் என்றால் வேறொன்றும் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கட்டியாகக் கிடைக்கும் அதே அன்னபேதிதான். புளோ மாத்திரை உலகம் முழுவதும் போனது. 

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாசெல் நகரத்துப் பெரிய விஞ்ஞானி புங்கே, வெறும் உலோக உப்பை உடம்பு உறிஞ்சவே உறிஞ்சாது என்று அடித்துச் சொன்னார். பெரிய மனிதர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நல்ல மருந்தின்மேல் சந்தேகம் விழுந்தது. 1893இல் எடின்பரோவில் ஸ்டாக்மன் என்பவர் இரும்பைத் தோலுக்கடியில் ஊசியாகவே போட்டு, ரத்தம் ஏறுவதைக் காட்டினார். அடுத்து, இந்தப் பெண்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள் உணவையே அளந்து பார்த்தார். அதில் இரும்பு மிகக் குறைவு. மாதா மாதம் போகிற ரத்தத்துக்கு அது ஈடாகவில்லை. லாங்கேயின் கடிதத்திலிருந்து இதற்கு 340 வருடம்.

நான் கணக்குப் பிரிவில் 34 வருடம் குப்பை கொட்டியவன். எனக்கு இந்த வியாதி புரிந்தது மருத்துவப் பாஷையில் அல்ல, வரவு செலவாகத்தான். நம் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஒரு சின்ன ஆணி. அதில் பெரும்பகுதி ரத்தச் சிவப்பில் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உள்ளே வருவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். தோல் உதிர்வது, குடல் உட்சுவர் உதிர்வது என்று வெளியே போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ரத்தச் சிவப்பணு 120 நாள் வாழ்ந்து சாகும்போது அதிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துப் புது அணுவுக்குக் கொடுத்துவிடும். இப்படிக் கைமாறுவது தினம் 20 மில்லிகிராமுக்கு மேல். இவ்வளவு சிக்கனமான அலுவலகத்தை நான் சர்வீசில் பார்த்ததில்லை.

ஆனால் 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினம் அரை ஸ்பூன் ரத்தம் எங்காவது கசிந்தாலே வரவு மொத்தமும் போயிற்று. முதலில் சேமிப்பு கரையும். ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை எழுதுகிறார்களே, அது அந்தச் சேமிப்பைக் காட்டுவது. அப்போது ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும், ஆள் மட்டும் சோர்ந்திருப்பார். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதுவும் மெதுவாக இறங்குவதால் உடம்பு பழகிக்கொள்ளும். அதனால்தான் 7.4 வைத்துக்கொண்டு நான் கடற்கரையில் பாதி தூரமாவது நடந்திருக்கிறேன்.

பெண்களுக்கு மாதவிலக்கு ஒரு செலவு, ஒரு கர்ப்பம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் செலவு. வரவுப் பக்கம் பார்த்தால், அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு எளிதில் உள்ளே ஏறாது. இறைச்சி, மீனில் உள்ளது ஏறும். அந்தக் காலத்து வீடுகளில் கறியும் மீனும் முதலில் யார் தட்டுக்குப் போகும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் தலை மீன் துண்டு எனக்கு. அக்காவுக்குக் குழம்பு.

செலவுப் பக்கத்தில் இன்னொரு பெரிய திருடன் உண்டு. அது ஆண் பெண் பார்க்காது. 1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கோத்தார் ரயில் சுரங்கம் அமைத்தார்கள், 15 கிலோமீட்டர். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இத்தாலிய ஏழைகள். அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளுத்தார்கள். ஆண்கள், அதுவும் பாறை உடைக்கிறவர்கள். இவர்களுக்குக் காதல் என்றும் கச்சை என்றும் சொல்ல முடியாதே! சுரங்கத்துக் கெட்ட காற்று என்றார்கள். 1880இல் தூரின் நகரத்தில் பெரொன்சித்தோ என்பவரும் அவரோடு இருந்த மருத்துவர்களும் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார்கள். சுரங்கத்துக்குள் சூடு, ஈரம், சேறு. கக்கூஸ் கிடையாது. பனிமலைக்கு அடியில் நம் ஊர் வயல்வெளி மாதிரி ஒரு இடம் உருவாகிவிட்டது. குடல் சுவரைக் கொக்கி போட்டுப் பிடித்து ரத்தம் குடிக்கும் புழு அது. வகையைப் பொறுத்து ஒரு புழு நாளுக்குக் குடிப்பது 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர். நூறு புழு இருந்தால் மேலே போட்ட கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது வாய் வழியாக மட்டும் அல்ல, பாதத்துத் தோலைத் துளைத்தும் ஏறும் என்பதை 1898இல் கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானியர் கண்டார். புழுக்குஞ்சு நிறைந்த தண்ணீர் தவறித் தன் கையில் கொட்டியதில் தெரிந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செருப்பில்லாத வெள்ளைக்கார ஏழைகளைச் சோம்பேறிகள் என்று ஊரே சிரித்தது. 1902இல் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி கொக்கிப்புழுவைக் காட்டியதும் பத்திரிகைகள் 'சோம்பேறிக் கிருமி கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டன. கேலியை விட மனமில்லை. நம்மவர்கள் கதையும் இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களிடம் கொக்கிப்புழு நிறைய இருந்தது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கே சிகிச்சை தொடங்கியது. மருந்து கொடுத்தால் தொழிலாளி எழுந்து வேலை செய்வான் என்று துரைமார்களுக்குப் புரிந்தது. ஆனால் கக்கூஸ் கட்டுவது செலவு என்று இழுத்தடித்தார்கள். மருந்து குடித்தவன் மறுபடியும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தான், புழு மறுபடியும் ஏறியது.

அக்கா கதைக்கு வருகிறேன். அவள் கல்யாணம் 1965இல், ஐப்பசியில் நடந்தது. மழை கொட்டியது. புதுச்சேரியில் ஐப்பசியில் மழை கொட்டாமல் வேறென்ன செய்யும், ஆனால் ஆயா சாகும்வரை அரிசியைத்தான் சொன்னார். மறுவருடம் பிரசவத்துக்கு வந்தபோது காகிதம் போலிருந்தாள். கால் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ரிக்‌ஷாவில் கூட்டிப்போனேன். அங்கே வயதான ஒரு 'மாசேர்' இருந்தார். கன்னியாஸ்திரி நர்சுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அக்காவின் இமையை இழுத்துப் பார்த்து, "எத்தனை நாளா மண்ணு திங்கிறே?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "திட்ட மாட்டேன், சொல்லு" என்றார் மாசேர். கேட்ட விதத்தில் அக்கா அழுதுவிட்டாள்.

மலச் சோதனையில் கொக்கிப்புழு. எங்கள் வீட்டுக் கொல்லையில் யாரும் செருப்புப் போட்டதில்லை, கொல்லைதான் கக்கூஸ். பிரசவம் கஷ்டமாகத்தான் ஆயிற்று. குழந்தை எடை குறைவு, அக்கா ஒரு வாரம் பயமுறுத்தினாள். பிறகு புழுவுக்கு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாளில் அரிசி மெல்லுவது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை அரசாங்கமே கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் வந்தது. அவளுடைய மூன்றாவது பிள்ளைக்கு அது கிடைத்தது.

என் இரும்பு எங்கே போயிற்று என்று சொல்லவில்லையே. முழங்கால் வலிக்கு ஒன்றரை வருடமாக மருந்துக் கடையில் நானே வாங்கி விழுங்கிய மாத்திரைகள் இரைப்பையில் புண் ஆக்கியிருந்தன. வலியில்லாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்ததில் தெரிந்தது. பெருங்குடலையும் பார்த்தார்கள். என் வயதில், ஆணுக்கு, அல்லது மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலும் குடலிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். சில சமயம் குடல் புற்றுநோயின் முதல் அடையாளமே இதுதான். டானிக் குடித்துக்கொண்டே இருந்தால் அது மறைந்து நிற்கும். எனக்கு நல்ல வேளையாகப் புண்ணோடு போயிற்று. சோகை எல்லாம் இரும்புச் சோகையும் அல்ல. பி12 குறைந்தாலும், சிறுநீரகம் கெட்டாலும் வரும். ஆகவே இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் இரும்பு மாத்திரை வாங்கிவிடாதீர்கள், சோதித்துக்கொண்டு வாங்குங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு டீயும் காபியும் குடித்தால் இரும்பு ஏறாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஏற்றிவிடும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடரச் சொன்னார் அந்த டாக்டரம்மா. எனக்கு ஐஸ் ஆசை இரண்டாவது வாரமே போயிற்று.

அக்காவுக்கு இப்போது 79. காரைக்காலில் மகனோடு இருக்கிறாள். அகராதியில் பார்த்ததை அன்றைக்கே போனில் சொன்னேன், நீ ஒரு வியாதிப் பெயரைத்தான் எனக்கு வைத்திருந்தாயா என்று சிரித்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவள், "ஏன்டா தம்பி, நீ மென்ன ஐசு ருசியாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அரிசியும் அப்படித்தான்டா இருந்துச்சு" என்றாள்.